நீளும் ஓஸும் தண்ணீர் மெத்தையும்: அவற்றின் அனுகூலங்களும் பிரதிகூலங்களும்

பீடிகை

சில ஆண்டுகளாக நமது சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் இரண்டு புதுச் சாமான்கள் விலைக்கு வருகின்றன. ஒன்று, சுருங்கிய நிலையில் ஒரு கைப்பைக்குள் அடங்கி, நீரைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும் தோட்டத்து ஓஸ். மற்றொன்று, படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளுக்காக வாங்கப்படும் தண்ணீர் மெத்தை. இவற்றை வாங்கலாமா, வாங்கினால் பயன்படுமா என்று மிராசுதார்களும் சிறு குடியானவர்களும் அடிக்கடி வினவுகின்றனர்.

பயிர்த்தொழிலைப் பற்றிய பத்திரிகையில் மெத்தைக்கு இடமேது என்று சிலர் எண்ணக்கூடும். கறவை மாடுகளுக்கும் தண்ணீர் மெத்தை செய்து விற்கப்படுவதால் அது நமது தொழிலுக்குப் புறம்பானதன்று. மேலும், இரண்டு சாமான்களும் ஒரே தத்துவத்தின்மீது அமைந்தவை. அதை ஒருமுறை அறிந்துகொண்டால், எதை எங்கே உபயோகிக்கலாம், எங்கே உபயோகிக்கலாகாது என்பதைப் பிறரைக் கேளாமலே தீர்மானிக்கலாம்.

அடிப்படைத் தத்துவம்

மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தோலானது நீரைக் கசியாமல் அடக்கி வைக்கும். ஆனால் நீரின் பாரத்தையோ அழுத்தத்தையோ தனியே தாங்கமாட்டாது. அதைத் தாங்குவதற்கு வேறொன்று வெளியே இருக்கவேண்டும். நீளும் ஓஸில் அவ்வேலையைச் செய்வது வெளியுறையாகிய நெய்த துணி. தண்ணீர் மெத்தையில் அதைச் செய்வது கீழேயுள்ள கட்டிற்பலகையும் தரையும். தாங்குவது எதுவோ அது பழுதானால், உள்ளிருக்கும் தோல் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. வாங்குவோர் பெரும்பாலும் தோலையே தடவிப் பார்த்து வாங்குகின்றனர், தாங்குவதைப் பார்ப்பதில்லை. நஷ்டங்கள் பலவும் இதிலிருந்தே உண்டாகின்றன.

I. நீளும் ஓஸ்

அமைப்பு

இந்த ஓஸை அமெரிக்காவில் மைக்கேல் பெரார்டி என்பவர் 2011-ல் உருவாக்கி, 2012-ல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பின்னர் எழுந்த வழக்கில், காரி ராக்னர் என்பவரும் இக்கண்டுபிடிப்பில் பங்குடையவரே என்று 2023-ல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறியது.

இதன் உட்குழல் இழுபடும் ரப்பரால் ஆயது. மேலுறை பாலியெஸ்டர் முதலிய நூலால் நெய்த துணி. இரண்டும் இரு முனைகளில் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒன்றோடொன்று ஒட்டாது. நீர் புகுந்ததும் அதன் அழுத்தம் முனைகளைத் தள்ளுகிறது, உட்குழல் நீளுகிறது, பக்கவாட்டிலும் உப்புகிறது. மடிந்து கிடந்த துணி முழுவதும் விரிந்து இறுகியவுடன் நீளுதலும் உப்புதலும் நின்றுவிடுகின்றன. நீரை நிறுத்தி முனையைத் திறந்தால், ரப்பர் தன் சுபாவப்படி சுருங்கி, உள்ளே எஞ்சிய நீரையும் வெளியேற்றும்.

அனுகூலங்கள்

முதலாவது, சுமை குறைவு. முக்கால் அங்குல உள்விட்டமுள்ள சாதாரண ஓஸ் 30 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 8½ லிட்டர் நீரைக் கொள்ளும். அதாவது, ஓஸின் சொந்த எடையோடு 8½ கிலோ நீரையும் பாத்திக்குப் பாத்தி இழுக்கவேண்டும். நீளும் ஓஸோ இலேசானது. வயோதிகரும் பெண்டிரும் சிரமமின்றிக் கொண்டு செல்லலாம்.

இரண்டாவது, முறுக்கிக்கொண்டு நீரோட்டம் தடைப்படுவது அரிது. மூன்றாவது, வைப்பதற்கு இடம் அதிகம் வேண்டாம். வீட்டுக் கொல்லையிலுள்ள காய்கறிப் பாத்திகள், மாடித் தோட்டம், பூந்தொட்டிகள், சிறு நாற்றங்கால் ஆகியவற்றிற்கு, தக்க அழுத்தமுள்ள குழாய் இருக்குமிடத்தில் இது ஏற்ற சாமானே.

பிரதிகூலங்கள்

முதற்குறை அழுத்தத்தைப் பற்றியது. நீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். வீட்டு மாடியிலுள்ள தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு மேல் 4 மீட்டர் உயரத்திலிருந்தால் கிடைப்பது 0.4 கிலோவே. ஓஸின் உட்துவாரம் 1½ சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், முனையைத் தள்ளும் விசை 0.6 கிலோ மாத்திரம். அழுத்தம் 3 கிலோவானால் அவ்விசை 4½ கிலோவாகும். ரப்பரை இழுத்து நீட்டுவதற்கு முந்திய விசை போதாது, பிந்தியது போதும். பொருட்காட்சியில் பாம்புபோல் ஓடி நீண்ட ஓஸ், வீட்டுக்கு வந்தபின் பாதி நீளமும் நீளாமல் கிடப்பதன் காரணம் இதுவே. இதில் விற்றவன் பொய் சொன்னதுமில்லை, வாங்கியவர் தவறாகக் கையாண்டதுமில்லை. தொட்டியின் உயரம் போதவில்லை.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் வெளிக்குழாயில் ஓஸை நேரே பொருத்தி, மோட்டார் ஓடும்போது பீச்சு முனையை மூடினால், அழுத்தம் மிக உயர்ந்துவிடும். முனைப்பூட்டு அருகில் உட்குழல் கிழியும். சில சமயம் பூட்டோடு பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கவுங்கூடும். மோட்டார் நீரை முதலில் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து எடுப்பதே முறை. தொட்டி தாழ்வாயிருந்து அழுத்தம் போதாவிடின், அவ்விடத்துக்கு இவ்வோஸ் ஏற்றதன்று என்று அறியவேண்டும்.

மூன்றாவது, நமது நிலத்தின் முள். நெருஞ்சியும் சீமைக்கருவேலும் உதிர்ந்த தரையில் இதை இழுத்தால் மேலுறையின் நூல் அறும். நூல் அறுந்த இடத்தில் உட்குழல் கொப்புளம்போல் பிதுங்கி வெடிக்கும். பச்சை ஓஸில் ஓட்டை விழுந்தால் அவ்விடத்தை வெட்டி, நடுவே ஓர் இணைப்பைச் செருகிக் கம்பியால் கட்டிவிடலாம். இதில் அவ்விதம் நடுவே ஒட்டுப்போடுதல் எளிதன்று. ஆகையால் ஒரு முள் முழு ஓஸின் விலையையும் கொண்டுபோய்விடக்கூடும்.

நான்காவது, வெயில். இயற்கை ரப்பர் வெயிலாலும் காற்றாலும் நாளடைவில் வெடிப்புறும். நீர் நிரம்பி இறுகிய நிலையில் பகல் முழுதும் வெயிலில் விடப்பட்ட ஓஸ் விரைவில் கெடும்.

ஐந்தாவது, மருந்து. பூச்சிமருந்துக் கரைசலை இவ்வோஸின் வழியே செலுத்தலாகாது. எண்ணெய் கலந்த மருந்துகளின் கரைப்பான்கள் இயற்கை ரப்பரை ஊறச்செய்து நலியவைக்கும். மேலும், எந்த ஓஸாயினும் அதன் முனையை மருந்துத் தொட்டிக்குள் அமிழ்த்தி நீர் பிடிப்பது பெரும் பிழை. குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால் தொட்டியிலுள்ள மருந்துநீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, குடிநீர்க் குழாய்க்குள் சென்றுவிடும். ஒரு வீட்டின் அஜாக்கிரதை ஒரு தெருவுக்கே தீங்காய் முடியலாம். ஓஸின் முனைக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே எப்போதும் ஒரு சாணாவது இடைவெளி இருத்தல் வேண்டும். ஊராட்சி அதிகாரிகள் இவ்விஷயத்தை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம்.

வாங்குமுன் செய்யவேண்டிய பரீட்சை

தற்போதுள்ள ஓஸைக் குழாயில் பொருத்தி, 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நிமிஷமாகிறதென்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்க. 2 நிமிஷமானால் நிமிஷத்துக்கு 10 லிட்டர். 60 செடிகளுக்குத் தலா 5 லிட்டர் வேண்டுமாயின், மொத்தம் 300 லிட்டர். அதற்கு அரைமணி நேரம் செல்லும். புதிய ஓஸை வாங்குவதால் இந்த நேரம் குறையாது. இழுக்கும் சிரமமே குறையும். நீரோட்டமே போதாதவர்கள் வேறு ஓஸ் தேடுவதை விட்டுத் தொட்டியை உயர்த்துவதோ, குழாயின் விட்டத்தைப் பெருக்குவதோ தக்கது. வயலுக்கும் தோப்புக்கும் நீர் கொண்டு செல்ல இவ்வோஸ் ஏற்றதன்று. அதற்குத் தட்டையாகச் சுருட்டி வைக்கும் அகன்ற ஓஸும், நிலையான குழாயும், சொட்டுநீர்க் குழாய்களுமே உரியவை.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் முதலில் குழாயை மூடுக. பின்பு பீச்சு முனையைத் திறந்து நீர் முழுவதும் வடியவிடுக. அதன்பின்னரே ஓஸைக் கழற்றுக. நிழலில் தொங்கவிடுக, எலி புகாத இடத்தில் வைக்குக.

II. தண்ணீர் மெத்தை

பூர்வோத்தரம்

நோயாளிக்கு நீர்ப் படுக்கை என்பது புதியதன்று. ஸ்காத்லாந்து தேசத்து வைத்தியரான நீல் ஆர்னட் என்பவர் 1832-ல் இதை அமைத்தார். நீர் நிரம்பிய தொட்டியின்மீது நீர் புகாத ரப்பர்த் துணியைத் தளர்வாகப் பரப்பி, அதன்மேல் நோயாளியைக் கிடத்தினார். பாரத்தைத் தொட்டி தாங்கிற்று. துணி நீரைப் பிரித்து வைத்தது. படுக்கைப் புண்ணைத் தடுப்பதே அவருடைய நோக்கம். 1968-ல் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் மாணவராயிருந்த சார்லஸ் ஹால் என்பவர், பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பிய தற்காலத்துப் பெருமெத்தையைச் செய்தார்.

அவ்விதப் பெருமெத்தை நமது வீடுகளுக்கு வேண்டியதன்று. 2.1 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமுமான மெத்தையில் ஏறக்குறைய 756 லிட்டர் நீர் அடங்கும். முக்கால் டன் பாரத்தைப் பழைய மாடித்தளத்தில் ஏற்றுவது அபாயம். இங்கே நாம் கவனிப்பது நோயாளிக்கான சிறு மெத்தையையே.

அது வேலை செய்யும் விதம்

60 கிலோ எடையுள்ள ஒருவர் கடினமான பலகையில் கிடக்கிறார் என்று கொள்வோம். இடுப்பெலும்பு, முதுகு, குதிகால் முதலிய சில இடங்களே பலகையில் அழுந்தும். அவை 600 சதுர சென்டிமீட்டரானால், சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் பாரம். அவரே நீர்மேல் கிடந்து 4,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு தாங்கப்பட்டால், அது 15 கிராமாகக் குறையும். அழுத்தம் மிகுந்த இடத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, இரத்தம் செல்லாமல் தோலும் சதையும் அழுகுவதே படுக்கைப் புண். ஆகவே பாரம் பரவினால் புண்ணுண்டாகும் அபாயம் குறைகிறது. மின்சாரத்தால் காற்றேறி இறங்கும் மெத்தையும் இதற்கென உண்டு. ஆனால் மின்தடை அடிக்கடி நேரும் கிராமத்தில், மின்சாரமே வேண்டாத தண்ணீர் மெத்தைக்கு ஒரு மேன்மை உண்டென்பது மறுக்கற்பாலதன்று.

பிரதிகூலங்களும் எச்சரிக்கைகளும்

முதலாவது, நீரின் அளவு. அதிகம் நிரப்பினால் மெத்தை மத்தளம்போல் இறுகி, பலகைக்கும் அதற்கும் பேதமில்லாமற்போகும். குறைவாக நிரப்பினால் இடுப்பு அடிப்பலகையைத் தொடும். நோயாளி படுத்திருக்கையில், அவருடைய இடுப்புக்கு நேரே மெத்தையின் அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பார்க்கவேண்டும். எலும்பு கையில் தட்டலாகாது. இடையில் ஓர் அங்குலமாவது நீர் இருக்கவேண்டும். காற்றுக் குமிழிகளையும் வெளியேற்றிய பின்னரே மூடியை இறுக்குக.

இரண்டாவது, தாங்கும் கட்டில். 180 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமுமான மெத்தையில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 16 லிட்டர் நீர் செல்லும். 6 சென்டிமீட்டருக்கு 97 லிட்டர். நோயாளியின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 157 கிலோ. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் இதற்கு ஆகா; நடுவில் தொய்ந்து, நீரெல்லாம் பள்ளத்தில் தேங்கும். சமமான பலகைக் கட்டிலே வேண்டும். மெத்தையை உரிய இடத்தில் விரித்த பிறகே நீர் ஊற்றவேண்டும், நிரப்பியபின் தூக்கலாகாது.

மூன்றாவது, குளிர்ச்சி. நீர் உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். சித்திரை வைகாசியில் இது இதமாயிருக்கும்; மார்கழி விடியலில் வயோதிகருக்குத் தீங்காகும். மெத்தையின்மேல் கம்பளியோ கனத்த பருத்தி விரிப்போ சுருக்கமின்றி இடுக. வெந்நீர் ஊற்றி நிரப்புதல் கூடாது. உணர்ச்சி குன்றிய தோல் வெந்துபோகும்.

நான்காவது, சில நோயாளிகளுக்கு இது ஆகாது. முதுகெலும்பு முறிந்தவர்களை வைத்தியர் உத்தரவின்றி இதில் கிடத்தலாகாது. தாமே எழுந்து உட்காரக் கூடியவர்களுக்கு அசையும் மெத்தை இடைஞ்சலாகி, அவர்களுடைய எஞ்சிய பலத்தையும் குறைத்துவிடும். கைக்குழந்தையை எக்காரணத்தாலும் இதன்மேல் உறங்கவைக்கக் கூடாது. முகம் அமிழ்ந்து மூச்சு முட்டும்.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் முக்கியம்: மெத்தை, கவனிப்பவரின் கைக்குப் பதிலாகாது. எனது வட்டத்தில் ஒரு குடியானவர், வாதத்தால் விழுந்த தம் தகப்பனாருக்குத் தண்ணீர் மெத்தை வாங்கினார். அதுவரை வீட்டார் இரவும் பகலும் முறைவைத்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து வந்தனர். மெத்தை வந்ததும், இனி வேண்டியதில்லை என்று நிறுத்திவிட்டனர். அது நடவுக்காலம், எல்லோருக்கும் வயலில் வேலை. நாற்றங்காலைப் பார்க்கச் சென்ற நாளில் பெரியவரையும் பார்க்கப் போனேன். விரிப்பு நனைந்திருந்தது. அவர் இடுப்பின்மேல் உள்ளங்கையளவு தோல் கறுத்து உடைந்திருந்தது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் வரவழைக்கப்பட்டார். அவர் மெத்தையை அகற்றச் சொல்லவில்லை. பாதி நீரை வடித்து அளவைச் சரிசெய்து, இரண்டு மணிக்கொருமுறை புரட்டுமாறும், ஈரம்படாமல் தோலைத் துடைத்து வைக்குமாறும், அன்றாடம் புண்ணுக்கு மருந்து கட்டுமாறும் கற்பித்தார். புண் ஆறுவதற்கு, நட்ட நெல் கதிர்விடும் காலம் வரை சென்றது. “மெத்தை பார்த்துக்கொள்ளும் என்றிருந்துவிட்டோம், ஐயா” என்று அக்குடியானவர் சொன்னது இன்னும் என் நினைவிலிருக்கிறது. அவர் அன்பில்லாதவரல்லர், விலை கொடுத்து வாங்கிய சாமான் தம் வேலையையும் வாங்கிக்கொள்ளும் என்று நம்பியவர். நம்மில் அநேகர் அப்படி நம்புகிறவர்களே.

கறவை மாட்டுக்குத் தண்ணீர் மெத்தை

அமெரிக்கப் பெரும் பால்பண்ணைகளில் 1990-களின் இறுதிமுதல் இது உபயோகத்திலுள்ளது. கான்கிரீட் தளத்தின்மேல் பதிக்கப்படும் கனத்த ரப்பர் மெத்தை அது, இரண்டு அறைகளுள்ளது. மாடு படுக்கும்போது முதலில் ஊன்றும் முன்முழங்கால்களை முன்னறை தாங்கும். உடலைப் பின்னறை தாங்கும். கணுக்காலில் உண்டாகும் சிராய்ப்பும் வீக்கமும் குறைதல், வைக்கோல் அதிகம் வேண்டாமை ஆகியவை அதன் நன்மைகள். விலை மிகுதி, மாடுகள் பழகுவதற்குச் சில காலம் பிடித்தல், மேற்பரப்பை எப்போதும் உலர்வாக வைக்கவேண்டிய அவசியம் ஆகியவை குறைகள்.

நாலைந்து மாடுகளைக் கட்டி வளர்ப்போர் இதற்காகக் கடன்படுதல் தகாது. சாணமும் கோமியமும் தேங்காமல் வடியும் சரிவான தளம், ரப்பர் விரிப்பு, உலர்ந்த வைக்கோல் ஆகியவை நமக்குப் போதும். தளம் ஈரமாயிருந்தால், எந்த மெத்தையும் மடிநோயிலிருந்து மாட்டைக் காக்கமாட்டாது.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

நோயாளிக்கான மெத்தை ஒரு வீட்டில் சில மாதங்களே தேவைப்படும். பின்பு மூலையில் கிடந்து வெடிக்கும். ஊராரில் பொருளுள்ளவர்கள் சேர்ந்து ஒன்றிரண்டை வாங்கிப் பொதுவில் வைத்து, வேண்டுவோருக்குக் கொடுத்து வாங்கலாம். திரும்பி வந்தவுடன் சோப்பு நீராலும் கிருமிநாசினியாலும் துடைத்து, உள்ளிருக்கும் நீரை முழுதும் வடித்து, நிழலில் உலர்த்தி, மடிப்பில் பவுடர் தூவி வைக்கவேண்டும். அடுத்த வீட்டுக்குக் கொடுக்குமுன் நீர் நிரப்பிக் கசிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. தோலைப் பார்த்து வாங்காதீர். பாரத்தைத் தாங்குவது எது என்று பார்த்து வாங்குங்கள்.

2. நீளும் ஓஸ் வீட்டுத் தோட்டத்துக்கு ஆகும், வயலுக்கு ஆகாது. தாழ்ந்த தொட்டியில் அது நீளாது. மோட்டாரில் நேரே பொருத்தினால் கிழியும்.

3. ஓஸின் முனையை மருந்துத் தொட்டிக்குள் அமிழ்த்தாதீர்.

4. தண்ணீர் மெத்தைக்குப் பலகைக் கட்டில் வேண்டும்; நீரின் அளவைக் கைவைத்துப் பார்க்கவேண்டும்.

5. மெத்தை இருப்பினும் நோயாளியைப் புரட்டுவதை நிறுத்தாதீர். தோலில் சிவப்போ கறுப்போ கண்டவுடன் சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

ஓஸ் கெட்டால் போவது அதன் விலையே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். மெத்தையை நம்பிக் கவனிப்பை விட்டால், அதன் கஷ்டத்தை அனுபவிப்பவர் வாய்திறந்து சொல்லவும் இயலாத ஒருவர். ஆகையால் தோட்டத்தில் இலேசான ஓஸால் மிச்சமாகும் கால்மணி நேரத்தை, வீட்டில் படுத்திருப்பவரைப் புரட்டிவிடச் செலவிடுவீர்களாக.